குட்டி அனிமே நகைச்சுவைத் தொடர்களைப் பார்க்கத் தொடங்குவது எப்படி?

ஓரிரு நிமிடங்களில் முடிந்துவிடும் ஜப்பானிய அனிமே நகைச்சுவைகளைப் புதிதாகப் பார்ப்பவர்களில் பலர், கொழுகொழுவென்ற உருவங்களைக் கண்டதும் அவை குழந்தைகளுக்கானவை என்று எண்ணி விலகிவிடுகின்றனர். அந்த மென்மையான உருவங்கள் நம்முடையதைப் போன்ற கண்டிப்பான ஓர் உலகத்தில் பிழைக்க வேண்டியிருப்பதுதான் இவ்வகையின் உண்மையான சுவை என்பது என் உறுதியான கருத்து. அதை உணர்வதற்கான வரிசையைக் கீழே தருகிறேன்.

முதற்படியாக, 2021 ஜனவரியில் டிவி டோக்கியோவில் தொடங்கிய 'புய் புய் மோல்கார்' தொடரைப் பாருங்கள். மொழி தெரியாதவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான தொடக்கம் இல்லை, ஏனெனில் இதில் வசனமே கிடையாது. இயக்குநர் தொமோகி மிசாதோ, கினிப் பன்றிகளே கார்களாக ஓடும் ஒரு நகரத்தைக் கம்பளிப் பொம்மைகளால் உருவாக்கி, அவற்றைச் சிறிது சிறிதாக நகர்த்திப் படம்பிடித்திருக்கிறார். கார்களின் குரலுக்கு உண்மையான கினிப் பன்றியின் ஒலி பயன்பட்டிருக்கிறது. மொத்தம் 12 பகுதிகள், ஒவ்வொன்றும் மூன்று நிமிடத்திற்கும் குறைவு.

இரண்டாவதாக, அதே பகுதிகளை மறுமுறை பார்க்கும்போது கார்களை விட்டுவிட்டு மனிதர்களைக் கவனியுங்கள். முதற்பகுதியில் நோயாளியை ஏற்றிய ஆம்புலன்ஸ் நெரிசலில் சிக்கி நிற்கிறது. பிறிதொரு பகுதியில் வெயிலில் பூட்டப்பட்ட காருக்குள் ஒரு பூனை தவிக்கிறது. தவறு செய்பவர்கள் மனிதர்கள், பதறுபவையும் உதவ முனைபவையும் கார்கள். இதைக் கண்டுகொண்டால், கம்பளியின் மென்மைக்கு அடியில் எவ்வளவு கூர்மையான சமூகக் கேலி இருக்கிறது என்பது விளங்கும்.

மூன்றாவது படி 'சீகாவா'. ஓவியர் நாகனோ ட்விட்டரில் வரைந்துவந்த இந்தப் படக்கதை, 2022 ஏப்ரல் முதல் ஃபுஜி தொலைக்காட்சியின் காலை நிகழ்ச்சியில் ஏறத்தாழ ஒரு நிமிட அனிமேயாக வருகிறது. இதன் நாயகன் சரியாகப் பேசக்கூடத் தெரியாத ஒரு சிறு வெள்ளை உயிரினம். ஆனாலும் அது களை பறித்துக் கூலி வாங்க வேண்டும், களை பறிப்பதற்கான தகுதித் தேர்வுக்குப் படிக்க வேண்டும். அந்தத் தேர்வில் தோழன் ஹாச்சிவாரே தேறிவிட, சீகாவா தோற்றுப்போகும் இடத்தைத் தவறவிடாதீர்கள். வேலைக்கான போட்டித் தேர்வு எழுதிய எவருக்கும் அங்கே சிரிப்பும் தொண்டையடைப்பும் ஒன்றாகவே வரும். நேரம் குறைவு என்பதால் ஆறுதல் சொல்லும் நீண்ட காட்சிகளுக்கு இடமில்லை. கதை சட்டென்று நின்றுவிட, மிச்சத்தை நாமே சுமக்கிறோம். ஆகவே பகுதிகளை வரிசையாக ஓடவிடாமல், ஒன்று முடிந்ததும் சற்று நிறுத்துங்கள்.

இறுதியாக 'அக்ரெட்சுகோ'. அலுவலகக் கணக்குப் பிரிவில் அடங்கி ஒடுங்கி வேலை செய்துவிட்டு, கரவோகே அறையில் டெத் மெட்டல் எனும் அலறலான ராக் இசையைப் பாடிக் கோபத்தைக் கொட்டும் சிவப்புப் பாண்டாவின் கதை இது. 2016இல் ஒரு நிமிடத் துணுக்குகளாக வெளிவந்து, 2018இல் நெட்ஃபிளிக்ஸில் சுமார் 15 நிமிடப் பகுதிகளாக வளர்ந்தது. இரு வடிவங்களும் கிடைத்தால் குறும்வடிவத்தை முதலில் பாருங்கள்: அதில் அவளுடைய அலறலே முடிவு, நீண்ட வடிவத்தில் அலறலுக்குப் பிறகும் அவள் மறுநாள் அலுவலகம் போக வேண்டியிருக்கிறது.