வேலூரில் உளவியல் படித்தவர் அமெரிக்காவில் ஆலோசகர் உரிமம் பெறுவது எப்படி?

வேலூர், காட்பாடி, குடியாத்தம் வட்டாரக் கல்லூரிகளில் உளவியல் முடித்துவிட்டு, மேற்படிப்புக்காகவோ திருமணமாகியோ அமெரிக்கா செல்பவர்களில் பலர் அங்கே உளவள ஆலோசகராகத் தொழில் செய்ய விரும்புகிறார்கள். அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் முதலில் விசாரிப்பது எந்தப் பல்கலைக்கழகம் நல்லது, கட்டணம் எவ்வளவு என்பதைத்தான். அதற்கு முன்பே முடிவாக வேண்டியவை இரண்டு: எந்த மாநிலத்தில் உரிமம் பெறப் போகிறோம், பட்டம் வாங்கிய பிறகு மேற்பார்வையின் கீழ் வேலை செய்து முடிக்கும்வரை அந்த நாட்டில் வேலை செய்ய அனுமதி இருக்குமா. படிப்பு முடிந்தும் உரிமம் கிடைக்காமல் திரும்புவோர் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் சிக்கிக்கொள்கிறார்கள் என்பதால், இக்கட்டுரையில் அதற்கே கூடுதல் இடம் ஒதுக்கப்பட்டுள்ளது.

அமெரிக்காவில் ஆலோசகர் உரிமத்தை மத்திய அரசு வழங்குவதில்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென ஒரு வாரியத்தை வைத்துக்கொண்டு, தன் சட்டப்படி உரிமம் தருகிறது. 1976-இல் வர்ஜீனியா மாநிலம் இந்தச் சட்டத்தை முதலில் இயற்றியது; 2009-இல் கலிபோர்னியா கடைசியாகச் சேர்ந்துகொண்டது. இப்படித் தனித்தனியாக வளர்ந்ததால் உரிமத்தின் பெயரே இடத்துக்கு இடம் மாறுகிறது. டெக்சாஸில் எல்.பி.சி., நியூயார்க்கில் எல்.எம்.எச்.சி., கலிபோர்னியாவில் எல்.பி.சி.சி. என்று அழைக்கப்படும் மூன்றும் ஏறத்தாழ ஒரே தொழிலைக் குறிப்பவை. ஆனால் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொரு மாநிலத்தில் தொழில் செய்ய முடியாது. சமூகப்பணி படித்தவர்களுக்கும் உளவியலாளர்களுக்கும் உரிய உரிமங்கள் வேறு. அவை இக்கட்டுரையின் எல்லைக்கு வெளியே உள்ளவை.

படிப்பும் சான்றிதழ்களும்

மேற்கூறிய மூன்று மாநிலங்களும் ஆலோசனைத் துறையில் 60 செமஸ்டர் கிரெடிட் கொண்ட முதுகலைப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. நம் ஊர் எம்.ஏ. அல்லது எம்.எஸ்சி. மதிப்பெண் பட்டியலில் 90 கிரெடிட் என்று அச்சாகியிருந்தாலும், அது அங்குள்ள 60 கிரெடிட்டைத் தாண்டிவிட்டது என்று கணக்கிடக் கூடாது. இரு நாட்டிலும் ஒரு கிரெடிட்டுக்கான அளவு வேறு; அத்துடன் தொழில் நெறிமுறை, குழு ஆலோசனை, மதிப்பீடு, மேற்பார்வையோடு கூடிய களப்பயிற்சி எனக் குறிப்பிட்ட பாடங்கள் இருக்கின்றனவா என்பதையும் வாரியம் தனியே பார்க்கும். ஆகவே வேலூரில் முதுகலை முடித்தவரும் அங்கே மீண்டும் ஒரு முதுகலை படிக்க நேர்வதே வழக்கம். இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டால் பின்னர் மனக்கசப்பு இருக்காது.

அங்கே படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது கேக்ரெப் என்று சுருக்கமாக அழைக்கப்படும் அமைப்பின் அங்கீகாரம் பெற்ற படிப்பா என்று பார்ப்பது நல்லது. அந்த அங்கீகாரம் இருந்தால் பெரும்பாலான மாநில வாரியங்கள் பாடத்திட்டத்தைப் பற்றி அதிகம் கேள்வி எழுப்புவதில்லை. அத்தகைய படிப்பில் 100 மணி நேர முதற்கட்டக் களப்பயிற்சியும், அதைத் தொடர்ந்து 600 மணி நேர இன்டர்ன்ஷிப்பும் கட்டாயம். முதலாவதில் 40 மணி நேரமும் இரண்டாவதில் 240 மணி நேரமும் ஆலோசனை நாடி வருபவரோடு நேரடியாக அமர்ந்து செலவிட்டதாக இருக்க வேண்டும்.

இங்கிருந்து கிளம்பும் முன் சான்றிதழ் வேலைகளை முடித்துக்கொள்வது அவசியம். 2002-இல் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் தொடங்கப்படுவதற்கு முன் வேலூர் மாவட்டக் கல்லூரிகளில் படித்து முடித்தவர்களின் பட்டங்கள் சென்னைப் பல்கலைக்கழகத்தின் பெயரில் இருக்கும். பின்னால் வந்தவர்கள் திருவள்ளுவர் பல்கலைக்கழகம் உள்ள சேர்க்காட்டுக்குச் செல்ல வேண்டும். தன்னாட்சிக் கல்லூரியில் படித்தவர்களுக்கு மதிப்பெண் பட்டியலைக் கல்லூரியின் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகமும் பட்டச் சான்றிதழைப் பல்கலைக்கழகமும் தருவதால், நம் பட்டம் அமெரிக்கப் படிப்பில் எதற்கு ஈடு என்று கணித்துச் சொல்லும் அயல்நாட்டு மதிப்பீட்டு நிறுவனம் எந்த ஆவணத்தை யார் அனுப்ப வேண்டும் என்று கேட்கிறது என்பதை எழுத்தில் பெற்றுக்கொண்டு அலுவலகத்துக்குச் செல்வது அலைச்சலைக் குறைக்கும். சான்றிதழில் 'எஸ். பிரியா' என்று தலைப்பெழுத்தோடும், பாஸ்போர்ட்டில் தந்தை பெயர் விரிவாக எழுதப்பட்டும் இருப்பது நம்மிடையே சாதாரணம். மதிப்பீட்டு நிறுவனத்தின் கணினிக்கு இவர்கள் இருவர். இரண்டும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரத்தை நோட்டரியிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைப் பாஸ்போர்ட்டில் சேர்த்தவர்கள் திருமணப் பதிவுச் சான்றையும் உடன் வைத்துக்கொள்ள வேண்டும்.

பாகாயத்தில் உள்ள சி.எம்.சி. மனநல மையத்திலோ வேறு இடத்திலோ பயிற்சி பெற்றவர்கள், உரிமத்துக்காகப் பட்டத்துக்குப் பின் முடிக்க வேண்டிய வேலை மணிகளில் அந்த அனுபவமும் சேருமா என்று கேட்பதுண்டு. கல்லூரிச் சேர்க்கைக்கு அது வலுவான ஆதாரம். குடும்பத்தினரையும் உடன் தங்கவைத்துச் சிகிச்சை தரும் முறையைக் கண்டவர் என்பது நேர்காணலில் சொல்லத் தகுந்ததே. உரிமத்துக்கான மணிகளாக அதைப் பெரும்பாலும் கருத மாட்டார்கள், ஏனெனில் அந்த மணிகள் பட்டத்துக்குப் பின், அம்மாநிலம் ஏற்ற மேற்பார்வையாளரின் கீழ் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும்.

மேற்பார்வையின் கீழ் 3,000 மணி நேரம்

பட்டம் பெற்றவுடன் முழு உரிமம் கிடைப்பதில்லை. முதலில் டெக்சாஸில் 'எல்.பி.சி. அசோசியேட்' என்றோ, கலிபோர்னியாவில் பதிவு பெற்ற அசோசியேட் என்றோ, நியூயார்க்கில் வரையறுக்கப்பட்ட அனுமதி பெற்றவர் என்றோ ஓர் இடைக்கால நிலை உண்டு. மூன்று மாநிலங்களிலும் இந்த நிலையில் முடிக்க வேண்டியது 3,000 மணி நேரம்தான் என்றாலும், உள்விவரங்கள் வேறுபடுகின்றன. டெக்சாஸில் அவற்றுள் 1,500 மணி நேரம் நேரடி ஆலோசனையாக இருக்க வேண்டும். எவ்வளவு வேகமாக வேலை செய்தாலும் 18 மாதங்களுக்கு முன் முடிக்க இயலாது. கலிபோர்னியாவில் நேரடி ஆலோசனை 1,750 மணி நேரம், குறைந்தபட்சக் காலம் 104 வாரங்கள், ஒரு வாரத்தில் கணக்கில் சேரும் உச்ச அளவு 40 மணி நேரம்.

இந்த எண்களை வாரத்துக்கு வகுத்துப் பார்த்தால்தான் அவற்றின் கனம் தெரியும். டெக்சாஸின் 18 மாதங்கள் சுமார் 78 வாரங்கள். அதற்குள் 1,500 நேரடி மணிகள் என்றால் வாரத்துக்கு 19 மணி நேரத்துக்கும் சற்று அதிகம். வாரத்துக்கு 20 பேருக்கு நேரம் ஒதுக்கினால் 20 பேரும் வருவதில்லை. வராதவருக்காகக் காத்திருந்த நேரம் நேரடி ஆலோசனை ஆகாது. பண்டிகை, காய்ச்சல், விடுப்பு எல்லாவற்றையும் கழித்தால் பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிடுகிறது. குறைந்தபட்சக் காலத்தையே முடியும் காலமாக எண்ணித் திட்டமிடாதீர்கள்.

இப்போது விசா. எஃப்-1 மாணவருக்குப் பட்டத்துக்குப் பின் கிடைக்கும் ஓ.பி.டி. வேலை அனுமதி 12 மாதங்கள். மென்பொருள் படித்த நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் 24 மாத நீட்டிப்பு மனநல ஆலோசனைப் படிப்புக்குக் கிடையாது. 52 வாரங்களில் 3,000 மணி நேரம் என்றால் வாரத்துக்கு 57 மணி நேரத்துக்கு மேல். டெக்சாஸ், கலிபோர்னியா இரண்டிலும் சட்டமே அதற்கு இடம் தருவதில்லை. ஆக, எஃப்-1 விசாவை மட்டும் நம்பிப் போகிறவர் இந்த மாநிலங்களில் மணிகளை முடிக்க முடியாது என்பது சேரும் நாளிலேயே தெரிந்த கணக்கு. அடுத்த வழி, வேலை தரும் நிறுவனம் விண்ணப்பித்துப் பெறும் எச்-1பி வேலை விசா. அதற்கு ஆண்டுதோறும் குலுக்கல் உண்டு. பல்கலைக்கழகத்தோடு இணைந்த லாப நோக்கமற்ற மருத்துவமனைகளும் மையங்களும் அந்தக் குலுக்கலுக்கு உட்படாதவை என்பதால், இன்டர்ன்ஷிப் இடத்தைத் தேடும்போதே அத்தகைய நிறுவனங்களை அணுகுவது புத்திசாலித்தனம்.

கணவரோ மனைவியோ அங்கே வேலையில் இருப்பதால் செல்பவர்களின் நிலை வேறு. நிறுவனத்தின் உள்மாற்றலில் எல்-1 விசாவில் சென்றவரின் துணைவருக்கு, அதாவது எல்-2 துணைவருக்கு, அந்த நிலையிலேயே வேலை செய்யும் உரிமை உண்டு. எச்-1பி உள்ளவரின் துணைவரான எச்-4 துணைவருக்கு, அந்த எச்-1பி உள்ளவரின் ஐ-140 மனு (கிரீன் கார்டுக்காக நிறுவனம் தரும் மனு) ஏற்கப்பட்டிருந்தால் வேலை அனுமதி அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். இவ்விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. எச்-4 நிலையில் படிக்கத் தடையில்லை, ஆனால் படிப்பின்போது களப்பயிற்சிக்குப் பயன்படும் சி.பி.டி. அனுமதி எஃப்-1 மாணவர்களுக்கு மட்டுமே உரியது. அதனால் 700 மணி நேரக் களப்பயிற்சியை எந்த அனுமதியின் கீழ் செய்வது என்பதை, கட்டணம் செலுத்தும் முன்பே பல்கலைக்கழகத்தின் அயல்நாட்டு மாணவர் அலுவலகத்திடம் மின்னஞ்சலில் கேட்டுப் பதிலைச் சேமித்து வைக்க வேண்டும். வாய்மொழிப் பதில் போதாது. எஃப்-1 மாணவர்கள் சி.பி.டி.யைப் பகுதிநேரமாகவே வைத்துக்கொள்வது பாதுகாப்பானது, முழுநேர சி.பி.டி. 12 மாதங்களை எட்டினால் ஓ.பி.டி. பறிபோய்விடும்.

மேற்பார்வையாளரைத் தேர்ந்தெடுப்பது

டெக்சாஸில் மேற்பார்வையாளராக அங்கீகாரம் பெற, ஒருவர் ஐந்து ஆண்டுகளாவது முழு உரிமத்தோடு இருந்திருக்க வேண்டும். அதற்கான 40 மணி நேரப் பயிற்சியையும் முடித்திருக்க வேண்டும். அசோசியேட்டாக உள்ளவர் மாதத்துக்குக் குறைந்தது 4 மணி நேரம் அவரைச் சந்திக்க வேண்டும். அங்கே பல அசோசியேட்டுகள் மேற்பார்வைக்கான மாதக் கட்டணத்தைத் தம் கையிலிருந்தே செலுத்துகிறார்கள், எனவே வேலை வாய்ப்பை ஏற்கும்போது மேற்பார்வையை நிறுவனமே தருகிறதா என்று கேட்பது வெட்கப்பட வேண்டிய கேள்வி அல்ல. கலிபோர்னியாவில் அசோசியேட் ஊழியராகவோ தன்னார்வலராகவோ மட்டுமே இருக்கலாம். ஒப்பந்தக்காரராகக் காட்டிச் சம்பளம் தரும் இடத்தில் சேர்ந்தால் அங்கே உழைத்த மணிகள் கணக்கில் சேராது. உரிமமோ பதிவோ கைக்கு வரும் முன் செய்த வேலையும் அப்படியே வீணாகலாம். பட்டம் வழங்கப்பட்ட 90 நாட்களுக்குள் விண்ணப்பித்தால் இடைப்பட்ட மணிகளை நிபந்தனைகளோடு ஏற்கும் விதி கலிபோர்னியாவில் உண்டு. கைரேகைப் பதிவை முதலிலேயே முடித்திருக்க வேண்டும் என்பது அந்த நிபந்தனைகளுள் ஒன்று.

மணிப்பதிவேட்டை வாரந்தோறும் எழுதுங்கள். தேதி, இடம், தனிநபர் ஆலோசனை, குழு ஆலோசனை, குறிப்பெழுதும் நேரம், மேற்பார்வை நேரம் எனத் தனித்தனிக் கட்டங்கள் இருக்கும். 50 நிமிட அமர்வை எப்படிக் குறிப்பது என்பதை முதல் வாரத்திலேயே மேற்பார்வையாளரிடம் கேட்டுவிட வேண்டும்; ஆறு மாதம் கழித்துத் திருத்தப் புகுந்தால் ஒவ்வொரு வரியும் சந்தேகத்துக்கு இடமாகும். மேற்பார்வையாளர் ஓய்வு பெறலாம், ஊர் மாறலாம், மனத்தாங்கல் ஏற்படலாம். மாதந்தோறும் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை வீட்டில் வைத்திருப்பவருக்கு அப்போது இழப்பு இல்லை.

நம்மவர்களுக்கு என்றே எழும் ஒரு சிக்கலை மேற்பார்வைக் கூட்டத்தில் தயங்காமல் பேச வேண்டும். டாலஸ் போன்ற ஊரில் தமிழ் பேசும் ஆலோசகர் அமர்ந்திருக்கிறார் என்று தெரிந்தால் தமிழ்ச் சங்கத்துக் குடும்பங்களே முதலில் தேடி வரும். வந்தவர் ஆம்பூர்க்காரர் என்றும், அவருடைய சித்தப்பாவும் நம் அப்பாவும் ஒன்றாகப் படித்தவர்கள் என்றும் இரண்டாவது அமர்வில் தெரியவரும். அடுத்த வாரம் அவர் தீபாவளிப் பலகாரத்தோடு வருவார். பொங்கல் விழாவில் நம் பிள்ளையும் அவர் பிள்ளையும் ஒரே மேடையில் ஆடுவார்கள். வாங்க மறுத்தால் மனம் புண்படும், வாங்கினால் தொழில் எல்லை கலங்கும். இரட்டை உறவு என்று நெறிமுறைப் பாடம் குறிப்பிடுவது இதையே. நம் பண்பாடு அறியாத மேற்பார்வையாளருக்கு இதை விளக்கிச் சொல்லி, எடுத்த முடிவையும் காரணத்தையும் கோப்பில் எழுதி வைத்தால் பின்னர் புகார் வந்தாலும் அந்தக் குறிப்பு துணை நிற்கும்.

தேர்வும் அதற்குப் பிறகும்

தேர்வு இந்தப் பயணத்தின் எளிய பகுதி என்றே சொல்லலாம். என்.சி.இ. 200 கொள்குறி வினாக்களைக் கொண்டது; என்.சி.எம்.எச்.சி.இ. நோயாளர் நிலவரங்களை விவரித்து அவற்றின்மேல் வினா எழுப்புவது. டெக்சாஸ் இரண்டில் ஒன்றை ஏற்பதோடு மாநிலச் சட்டத் தேர்வு ஒன்றையும் கேட்கிறது. கலிபோர்னியாவும் நியூயார்க்கும் இரண்டாவதையே கேட்கின்றன. கலிபோர்னியாவில் சட்டமும் நெறியும் பற்றிய தேர்வு தனியே உண்டு. மனப்பாடத்தில் வல்லவர்களான நம் மாணவர்களுக்கு முதல் தேர்வு எளிது. இரண்டாவதற்கு அமர்வு அனுபவம் வேண்டும்.

முழு உரிமம் பெற்ற பிறகு மாநிலம் விட்டு மாநிலம் செல்வோருக்காக ஆலோசகர் உடன்படிக்கை என்ற ஏற்பாட்டில் பல மாநிலங்கள் சேர்ந்துள்ளன. அசோசியேட் நிலையில் உள்ளவர்களுக்கு அது பொருந்தாது. கணவரின் வேலை நடுவில் வேறு மாநிலத்துக்கு மாறினால், பழைய மணிகளில் எத்தனையைப் புதிய வாரியம் ஏற்கும் என்பதைப் பெட்டி கட்டும் முன்பே எழுதிக் கேட்க வேண்டும்.

காணொலி ஆலோசனையில் பொதுவான விதி, ஆலோசனை பெறுபவர் அப்போது எங்கே இருக்கிறாரோ அந்த இடத்தின் சட்டம் பொருந்தும் என்பது. காட்பாடியில் விடுமுறைக்கு வந்திருக்கும் அசோசியேட், டெக்சாஸில் இருப்பவரோடு பேசினாலும், டெக்சாஸ்காரர் ஒருவர் வேலூருக்கு வந்திருக்கும்போது டெக்சாஸில் உள்ள ஆலோசகரோடு பேச விரும்பினாலும், அந்த மணிகளைப் பதிவேட்டில் ஏற்றும் முன் மேற்பார்வையாளரிடமும் வாரியத்திடமும் எழுத்தில் ஒப்புதல் பெற்றுக்கொள்ள வேண்டும்.