ஒரு டொமைனுக்கு ஒரே ஒரு எஸ்பிஎஃப்

சொந்த டொமைனில் இருந்து போகும் மெயில் ஸ்பாமில் விழுகிறதா? முதலில் டிஎன்எஸ்ஸில் (டொமைனின் இணையப் பதிவேடு) உள்ள டிஎக்ஸ்டி ரெக்கார்டுகளை, அதாவது எழுத்து வரிகளை, பாருங்கள். அவற்றில் எஸ்பிஎஃப், அதாவது உங்கள் டொமைன் பெயரில் மெயில் அனுப்ப எந்த சர்வர்களுக்கு அனுமதி என்று சொல்லும் வரி, ஒன்றுதான் இருக்க வேண்டும். கூகுள் வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று, நியூஸ்லெட்டர் சேவைக்கு இன்னொன்று என்று இரண்டு போட்டால், மெயிலைப் பெறும் சர்வரின் சோதனை ‘பெர்ம்எரர்’ (நிரந்தரப் பிழை) என்று முடிந்துவிடும்; இரண்டுமே வீண். இரண்டு சேவைகளின் இன்க்ளூடையும் (அந்தச் சேவையின் அனுமதிப் பட்டியலைச் சுட்டும் பகுதி) ஒரே வரியில் சேர்த்து, கடைசியில் ‘~ஆல்’ (மற்ற சர்வர்கள் சந்தேகத்துக்குரியவை) போடுங்கள்.

எஸ்பிஎஃப் சோதனையில் டிஎன்எஸ் தேடல்களுக்கு 10 என்ற வரம்பு உண்டு. அந்த வரியில் வரும் இன்க்ளூட், ஏ, எம்எக்ஸ், ரீடைரெக்ட் என்ற குறிப்புகள் ஒவ்வொன்றும் ஒரு தேடல். இன்க்ளூடுக்குள் ஒளிந்திருக்கும் இன்க்ளூடும் கணக்கில் சேரும், பலர் சறுக்குவது இங்கேதான். தாண்டினால் மறுபடியும் பெர்ம்எரர். நேரடி ஐபி முகவரிகள் கணக்கில் வராது. எப்போதோ விட்டுவிட்ட சேவைகளின் இன்க்ளூடை முதலில் தூக்குங்கள்.

பழைய டொமைன்களில் ‘எஸ்பிஎஃப்2.0’ என்று தொடங்கும் வரி கிடக்கலாம். அது எஸ்பிஎஃப்பின் புதிய பதிப்பு அல்ல. மைக்ரோசாஃப்ட் முன்னிறுத்திய சென்டர் ஐடி (Sender ID) என்ற வேறொரு சோதனை முறை. இரண்டும் 2006-இல் போட்டி முறைகளாக ஆர்எஃப்சி (இணைய நெறிமுறை ஆவணம்) ஆயின. சென்டர் ஐடி வழக்கொழிந்துவிட்டது, தயங்காமல் நீக்கலாம்.

மெயில் ஃபார்வர்ட் ஆனால் அனுப்பும் ஐபி மாறும், எஸ்பிஎஃப் தோற்கும். அதனால் டிகேஐஎம் கையெழுத்தும் (மெயிலிலேயே சேரும் டிஜிட்டல் கையெழுத்து) அவசியம். அதைச் சரிபார்க்க டிஎன்எஸ்ஸில் போடும் 2048 பிட் பொதுச்சாவி, டிஎக்ஸ்டி ரெக்கார்டில் ஒரு துண்டுக்கு உள்ள 255 எழுத்து வரம்பைத் தாண்டும். ஒரே ரெக்கார்டுக்குள் இரண்டு மேற்கோள் துண்டுகளாகப் பிரித்துப் போடுங்கள், இரண்டு ரெக்கார்டாக அல்ல. டிமார்க்கை (சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று பெறும் சர்வருக்குச் சொல்லும் ரெக்கார்டு) ‘நன்’ (none, எதுவும் செய்யாதே) கொள்கையில் தொடங்கி, அறிக்கைகளில் உங்கள் சர்வர்கள் எல்லாம் தேறிய பிறகு ‘குவாரண்டைன்’ (ஸ்பாமில் ஒதுக்கு), அப்புறம் ‘ரிஜெக்ட்’ (நிராகரி) என்று ஏற்றுங்கள்.