நாலாவது ஸ்கோர்தான் உங்கள் வேலை: சின்னக் கல்லூரியில் கோல்ஃப் கோச் ஆவது எப்படி

அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரியின் கோல்ஃப் அணியை உங்கள் கையில் கொடுத்துவிட்டார்கள் என்றால், முதல் வேலையாக டிவியில் பார்த்த கோல்ஃபை மறந்துவிடுங்கள். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் டிவிஷன் மூன்றில் விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுக்கவே கூடாது. அதனால் வருகிறவன் படிக்க வருகிறான், கூடவே கோல்ஃப் ஆடுகிறான், அவ்வளவுதான். ஒஹாயோவில் எங்கள் அணியில் ஒன்பது பேர், அதில் நாலு பேருக்கு வாரத்தில் இரண்டு நாள் மதியம் முழுக்க கெமிஸ்ட்ரி லேப்.

கணக்கிலிருந்து ஆரம்பிக்கலாம். போட்டியில் ஐந்து பேர் ஆடுவார்கள், ஒவ்வொரு சுற்றிலும் (18 ஹோல், அதாவது குழி) நல்ல நாலு ஸ்கோரை மட்டும் கூட்டுவார்கள். அடித்த அடிகளின் எண்ணிக்கைதான் ஸ்கோர், குறைந்தால் நல்லது. ஒரு நாள் 76, 79, 83, 88, 94 என்று வந்தால் அணியின் ஸ்கோர் 326. புதுக் கோச்கள் எல்லாரும் அந்த 76 அடித்தவனோடுதான் நேரம் போக்குவார்கள், அவனோடு பேசுவதே ஒரு சுகம். ஆனால் அவனை 74க்குக் கொண்டுவர ஒரு வருடம் ஆகும். 88 அடித்தவனின் ஸ்கோர் கார்டை எடுத்துப் பாருங்கள்: பார் நாலு ஹோல்களில், அதாவது நாலு அடியில் முடிக்க வேண்டியவற்றில், ஒரு எட்டு, இரண்டு ஏழு. மற்ற பதினைந்து ஹோலிலும் சேர்த்து அவன் பாரை விட வெறும் ஆறுதான் கூடுதல். அந்த மூன்றும் போகியாக (பாரை விட ஒன்று கூடுதல்) இருந்திருந்தால் அவன் 81, அணி 319. அந்த ஏழு ஸ்ட்ரோக்குக்கு ஸ்விங்கைத் தொடவே வேண்டாம்.

அந்த எட்டு எப்படி வந்தது என்று பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பந்து ஓக் மரங்களுக்கு நடுவே. கிரீனுக்கு, அதாவது குழி இருக்கிற வழவழப்பான புல்தரைக்கு, 150 யார்டு, எதிரே இரண்டு மரத்துக்கு நடுவில் ஒரு கதவு அகலத்துக்கு இடைவெளி. பையன் ஆறாம் நம்பர் அயர்ன் மட்டையை உருவிவிட்டான். பந்து மரத்தில் பட்டு அவனுக்குப் பின்னால் போய் விழுந்தது, அடுத்ததும் அதே இடைவெளி, அதே மரம். பக்கவாட்டில் ஃபேர்வேக்கு (மரமில்லாத வெட்டிய புல்வழி) ஒரு சின்னத் தட்டு தட்டியிருந்தால் ஐந்து, ரொம்ப மோசம் என்றால் ஆறு. இதைத் திட்டிப் புரியவைக்க முடியாது. நான் பயிற்சியில் பந்துகளை வேண்டுமென்றே மரத்தடியில் போட்டு, இரண்டு பேரை விடுவேன்: ஒருவன் இடைவெளி வழியாக அடிக்க வேண்டும், இன்னொருவன் பக்கவாட்டில் வெளியே எடுக்க வேண்டும். பத்துப் பந்து முடிந்ததும் அவர்களே கூட்டிப் பார்க்கட்டும்.

கல்லூரிப் போட்டிகளில் கோச் ஆட்டத்துக்கு நடுவே ஆலோசனை சொல்லலாம், எங்கே, எத்தனை பேர் என்பது ஒவ்வொரு போட்டியின் விதித்தாளிலும் இருக்கும், முந்தின இரவே படித்துவிடுங்கள். நான் தண்ணீர் இருக்கிற ஒரு பார் மூன்று ஹோலின் டீயில் (முதல் அடி அடிக்கும் இடம்) போய் உட்கார்ந்துகொள்வேன். ஐந்து பேரும் அந்த வழியாகத்தானே வந்தாக வேண்டும்.

சீசன் நடக்கும்போது ஸ்விங்கில் கை வைக்காதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஊரில் சொந்தமாக ஒரு கோச் இருப்பார், அவர் ஒன்று சொல்ல நீங்கள் ஒன்று சொல்ல, பையன் நடுவில் மாட்டிக்கொள்வான். ஹார்வி பெனிக் 1931 முதல் 1963 வரை டெக்சஸ் பல்கலைக்கழகக் கோச்சாக இருந்தவர். பின்னால் பெரிய ஆட்டக்காரர்களான டாம் கைட், பென் கிரென்ஷா இருவருக்கும் சிறு வயதிலிருந்து கற்றுக்கொடுத்தவர். ஒருவனுக்குப் பாடம் நடக்கும்போது மற்றவனைப் பார்க்க விடமாட்டாராம். ஒருவனுக்குக் கொடுத்த மருந்தை இன்னொருவன் குடித்துவிடுவானே!

ஒன்றரை மணி நேரப் பயிற்சி என்றால் ஒரு மணி நேரம் கிரீனைச் சுற்றியே போகட்டும். ரேஞ்சில் (அடித்துப் பழகும் மைதானம்) ஒரு வாளிப் பந்தை ஒரே மட்டையால் அடித்துத் தள்ளுவது உடம்புக்கு நல்லது, ஸ்கோருக்கு அவ்வளவாக இல்லை. ஆளுக்கு ஒரே ஒரு பந்து கொடுங்கள். கிரீனுக்கு வெளியே ஒன்பது இடம், ஒவ்வொன்றிலிருந்தும் சிப் செய்து (கிரீனுக்குள் மெல்லத் தூக்கிப் போட்டு) பட் போட்டு (குழிக்குள் உருட்டி) முடிக்க வேண்டும், ஸ்கோர் எழுத வேண்டும். இரண்டாவது பந்து கிடையாது என்று தெரிந்ததும் முகமே மாறும் பாருங்கள். பட்டிங்கில் மூன்று, நாலு அடி தூரத்துப் பட்தான் முக்கியம். பிஜிஏ டூரில் ஆடும் தொழில்முறை ஆட்டக்காரர்களே எட்டு அடி தூரத்திலிருந்து ஏறக்குறைய பாதிதான் போடுகிறார்கள், இதைப் பையன்களிடம் சொல்லி வையுங்கள், தவறவிட்டதும் பட்டரை முறைப்பது குறையும்.

கார்டில் கையெழுத்துப் போடுவதையும் கற்றுக்கொடுக்க வேண்டும், சிரிக்காதீர்கள். 1968இல் மாஸ்டர்ஸ் என்ற பெரிய போட்டியில் ராபர்டோ டி விசென்சோ 17வது ஹோலில் எடுத்தது மூன்று. கூட ஆடியவர் நாலு என்று எழுதியதை அவர் பார்க்காமலே கையெழுத்துப் போட்டார், சம ஸ்கோரில் இருந்த பாப் கோல்பியோடு ப்ளேஆஃப் ஆட வேண்டியவர் இரண்டாவதாகப் போனார். கூட்டி எழுதினால் அது அப்படியே நிற்கும், குறைத்து எழுதினால் தகுதிநீக்கம். அப்புறம் ஐந்தாவது ஆளின் 94தான் கணக்கில் ஏறும்.

யாரைக் கூட்டிப்போவது என்பதில் சண்டை வரும். நாலு இடத்துக்குத் தகுதிச்சுற்று வைத்து, ஸ்கோரைச் சுவரில் ஒட்டிவிடுங்கள், ஐந்தாவது இடம் மட்டும் கோச் முடிவு என்று சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள். வேன் ஓட்டுவதும் நீங்கள்தான், சாண்ட்விச் வாங்குவதும் நீங்கள்தான். ஒரே நாளில் 36 ஹோல், பையைத் தோளில் சுமந்துகொண்டு நடக்க வேண்டும், பன்னிரண்டாவது ஹோலில் பசிக்கிறவன் பதிமூன்றில் டபுள் போகி (பாரை விட இரண்டு கூடுதல்) போடுவான். உலர்ந்த துண்டு ஆளுக்கு இரண்டு, மழை கையுறை, வாழைப்பழம் எல்லாம் வேனில் கிடக்கட்டும்.

அடுத்த வருடத்துக்கு ஆள் தேடப் பள்ளிப் போட்டிகளுக்குப் போவீர்கள். பையன் அடித்த 74ஐ விட, டபுள் போகி போட்டபின் அடுத்த டீக்கு எப்படி நடந்து வருகிறான் என்று பாருங்கள். ஆட்டம் முடிந்ததும் அவனிடம் ஏதாவது கேளுங்கள். பதில் அப்பாவிடமிருந்து வந்தால், நான் காபி வாங்கப் போய்விடுவேன்.