பைபோலார் குடும்பத்துல இருக்கான்னு விசாரிச்சு எழுதிட்டுப் போறது எப்படி

எங்க அண்ணனை முதல்தடவை சைக்யாட்ரிஸ்ட்கிட்ட கூட்டிட்டுப் போனப்போ வீட்ல வேற யாருக்காவது இந்த மாதிரி இருந்திருக்கான்னு கேட்டாங்க, அம்மா டக்குனு "அப்படி யாருமே இல்ல டாக்டர்"னுட்டாங்க, நானும் தலையாட்டினேன். டிப்ரெஷன்னு வெறும் ஆன்டிடிப்ரசன்ட் மட்டும் ஆரம்பிச்சாங்க, மூணே வாரத்துல அண்ணன் தூங்கறதையே விட்டுட்டான், பேச்சு நிக்கல. பைபோலார், அதாவது மனசு சில காலம் ரொம்ப எகிறி சில காலம் ரொம்ப சோர்ந்து போற நோய், இருக்கிறவங்களுக்கு அந்த மாத்திரை தனியா போனா மேனியாவை, அதாவது அந்த எகிறுற கட்டத்தைக் கிளப்பிவிடலாம்னு அப்பதான் தெரிஞ்சுது. பெரிய மாமா கதையும் அப்பதான் வெளிய வந்துச்சு.

அதனால போறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர் எடுங்க. நடுவுல உங்க ஆளு, மேல அப்பா அம்மா, பக்கத்துல கூடப்பிறந்தவங்க, அப்புறம் தாத்தா பாட்டி, மாமா, அத்தை, சித்தப்பான்னு ரெண்டு பக்க உறவும் வரணும்.

நோய் பேரைச் சொல்லி கேக்காதீங்க, ஒருத்தரும் ஆமான்னு சொல்ல மாட்டாங்க, நடந்ததைக் கேளுங்க. எங்க பெரிய மாமா ராத்திரி ரெண்டு மணிக்கு வீட்டுக்கு சுண்ணாம்பு அடிச்சாராம், விடிஞ்சதும் கடன் வாங்கி மூணு தையல் மெஷின் இறக்கினாராம், வீட்ல யாருக்கும் தைக்கத் தெரியாது, அடுத்த மாசம் முழுக்க பாயை விட்டு எழுந்திரிக்கல. இதை இத்தனை வருஷமா கல்யாண வீட்ல சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டிருந்தோம். பிள்ளை பெத்த சில நாள்லயே பேய் பிடிச்சிருச்சுன்னு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போன பொண்ணு, கிணத்துல தவறி விழுந்ததா சொல்ற சாவு, இதையும் மெதுவா கேளுங்க, அதுக்குப் பின்னாடியும் இதே நோய் இருந்திருக்கலாம். யாராவது பைபோலாருக்குக் குடுக்கிற லித்தியம் மாத்திரை சாப்பிட்டு நல்லா ஆகியிருந்தா கண்டிப்பா எழுதுங்க, லித்தியம் ஒத்துக்கிறதும் குடும்பத்துல ஓடுறது உண்டு.

பேப்பரைப் பார்த்து பயந்துடாதீங்க. பொதுவா நூத்துல ஒருத்தருக்கு வர்றது, அப்பா அம்மாவுக்கோ கூடப்பிறந்தவங்களுக்கோ இருந்தா நூத்துல 5லேருந்து 10 பேர் வரைக்கும் போகும், அப்பவும் குறைஞ்சது 90 பேருக்கு வர்றதில்ல. டிஎன்ஏ ஒண்ணா இருக்கிற ரெட்டைப் பிள்ளைகள்லயே ஒருத்தருக்கு வந்து இன்னொருத்தருக்கு வராம இருக்கு. இதுக்குன்னு ஒரே ஒரு ஜீன் கிடையாது, 2021ல வந்த பெரிய ஆய்வு ஒண்ணு மட்டுமே டிஎன்ஏல 64 இடங்களைக் காட்டுச்சு, ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமாத்தான் தள்ளுது. அதனால ஜீன் டெஸ்ட் எடுத்து பைபோலார் இருக்கு இல்லன்னு சொல்ல முடியாது, யாராவது சொன்னா காசைக் குடுக்காதீங்க.

பேப்பரோட பின்பக்கம் உடம்பு விஷயம் எழுதுங்க. தூக்கம் எந்தத் தேதியிலேருந்து குறைஞ்சுது, நைட் ஷிஃப்ட் மாறினாங்களா, தைராய்டு இருக்கா, ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தாங்களா. தைராய்டு கூடினாலும் ஸ்டீராய்டாலயும் மேனியா மாதிரியே வரலாம். ஏற்கனவே சாப்பிடுற மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க.

ரூமுக்குள்ள போனதும் பேப்பரை டாக்டர் கையில குடுத்துடுங்க, வாயால சொல்ல விட்டா பெரியவங்க மறுபடியும் "அப்படி யாருமே இல்ல"ன்னுதான் ஆரம்பிப்பாங்க.