ஊரைக் கோட்டைவிடும் கை: ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2-இல் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா பையன் ஊர் வளர்த்துப் படை திரட்டிச் சண்டை போடும் கம்ப்யூட்டர் விளையாட்டான ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 ஆடிக்கொண்டிருந்தான். நான் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ஆடுவது 2019-இல் வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். நான் பிரவுசிங் சென்டரில் மணிக்கணக்கில் காசு கட்டி ஆடியது 2000-இல் வந்த கான்கரர்ஸ். இடையில் எத்தனையோ வேலைகளை விளையாட்டே தானாகச் செய்யப் பழகிவிட்டது. ஆனால் நான் அன்று செய்த தப்பு ஒன்றுவிடாமல் அவனும் செய்கிறான்.

வீடு கட்ட மறப்பது, ஆட்டை எதிரி ஓட்டிக்கொண்டு போவது போன்றவற்றை இங்கே சொல்லப் போவதில்லை. இரண்டு தடவை பட்டால் அவை தானாகச் சரியாகிவிடும். படாமலே வருடக்கணக்கில் தொடரும் தப்புகள் வேறு. எதைக் கையால் செய்வது, எதை விளையாட்டிடம் விடுவது என்பதில் வரும் தப்புகள் அவை.

ஒரு குதிரையைக் காப்பாற்றப் போய்

பையனுடைய ஸ்கவுட் குதிரை, அதாவது வேவு பார்க்கும் குதிரைவீரன், எதிரியின் மரவெட்டிகளைத் தொந்தரவு செய்யப் போய் இரண்டு ஈட்டிக்காரர்களிடம் மாட்டிக்கொண்டது. அவன் விடவில்லை. மரங்களைச் சுற்றி ஓட்டினான், திரும்பினான், ஒரு வில்லேஜரை (வேலையாளை) குத்தினான், மறுபடி ஓட்டினான். கடைசியில் உயிர் 7 மிச்சமிருக்கக் குதிரை தப்பித்துவிட்டது. "மாமா, பாத்தீங்களா?" என்று திரும்பினான்.

பார்த்தேன். மேலே உற்பத்தி வரிசை காட்டும் இடம் காலியாகக் கிடந்தது. உணவு 340 சேர்ந்திருந்தது. வில்லேஜர்களை உருவாக்கும் டவுன் சென்டர் விளையாட்டுக் கடிகாரத்தில் 75 விநாடியாகச் சும்மா நின்றிருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருகிற தப்பு இதுதான். காரணம், இதில் நஷ்டம் கண்ணுக்கே தெரியாது. குதிரை செத்தால் சத்தம் கேட்கிறது, பிணம் கிடக்கிறது. பிறக்காத வில்லேஜருக்குச் சத்தமும் கிடையாது, பிணமும் கிடையாது. செலவாகாத உணவு மேலே எண்ணாக ஏறிக்கொண்டே இருப்பதால், பணக்காரனாகிவிட்டோம் என்றுகூடத் தோன்றும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு வில்லேஜருக்கு 50 உணவு, 25 விநாடி. 75 விநாடி போனால் மூன்று பேர் போனார்கள். ஒரு வில்லேஜர் நிமிடத்துக்குச் சுமார் 20 அலகு கொண்டுவருவார் என்று வையுங்கள். அந்த மூன்று பேர் பின்னடைவு அப்படியே நீடித்தால், 20 நிமிடத்தில் 1,200 அலகு. ஒரு நைட்டுக்கு (கவசக் குதிரைவீரனுக்கு) 60 உணவு, 75 தங்கம், ஆக 135. ஏறக்குறைய ஒன்பது நைட்டுகள்! அவன் உயிரைக் கொடுத்துக் காப்பாற்றிய ஸ்கவுட்டின் விலை 80 உணவு.

எனக்கு இது புரிந்த விதம் கொஞ்சம் அவமானமானது. பிரவுசிங் சென்டரில் ஒருநாள் என் வில்லாளிகளை அடித்து நகர்த்தி, அடித்து நகர்த்தி எதிரியின் ஆட்களைப் பத்துக்கு மேல் வீழ்த்தினேன். என் பக்கம் இழப்பு இரண்டோ மூன்றோதான். ஐந்து நிமிடம் கழித்து அவன் என்னைப்போல் இரண்டு மடங்கு படையோடு வந்து நின்றான். எப்படி என்று கேட்டேன். பக்கத்து வரிசையில் உட்கார்ந்திருந்தவன் தலையைக்கூடத் திருப்பாமல், "நீ அங்க ஆடிட்டு இருந்தப்ப நான் ஊர்ல இருந்தேன்" என்றான்.

அதற்காகச் சண்டையில் கை வைக்காதே என்று சொல்லவில்லை. சண்டைக்குள் போகும் முன் மூன்று வில்லேஜரை வரிசையில் போட்டுவிட்டுப் போங்கள். வழக்கமான 1.7 வேகத்தில் 25 விநாடி என்பது நம் கடிகாரத்தில் சுமார் 15 விநாடிதான். ஆக மூன்று பேர் போட்டால் முக்கால் நிமிடம் நிம்மதி. சண்டை அதையும் தாண்டி நீண்டால், நடுவில் எச், க்யூ. டவுன் சென்டரைத் தேர்ந்தெடுத்து வில்லேஜர் போட இந்த இரண்டு விசை போதும். (பழைய கைகளுக்கு எச், சி.) திரையைச் சண்டையிலிருந்து நகர்த்தவே வேண்டாம்.

இதைச் சொன்னதும் பையன் எதிர்த் திசையில் ஓடினான்.

பத்துப் பேரை வரிசையில் போட்டுவிடுவது

வரிசையில் போட்ட உடனே காசு போய்விடும். பத்து வில்லேஜர் என்றால் 500 உணவு முடங்கிவிட்டது. அடுத்த கட்டமான ஃபியூடல் யுகத்துக்குப் போக வேண்டியதும் அதே 500 தான்.

பண்ணையைக் கையால் விதைப்பது

விட்டுவிடுங்கள், தானாக விதைக்கட்டும்.

தானியங்கி ஸ்கவுட்டை முழுக்க நம்புவது

ஆரம்பத்தில் உணவுக்காகக் காட்டுப்பன்றியை டவுன் சென்டருக்கு இழுத்துவரும் நேரத்தில், தானாக ஊர் சுற்றிப் பார்க்கும் தானியங்கி ஸ்கவுட் நல்ல உதவி. பன்றி விஷயத்தில் கண் அகலக்கூடாது. வில்லேஜருக்கு வெறும் 25 உயிர். அந்த இரண்டு நிமிடம் குதிரை தன் பாட்டுக்குச் சுற்றட்டும்.

ஆனால் அது வரைபடத்தில் இன்னும் பார்க்காத இடங்களை மூடியிருக்கும் கறுப்பை விலக்குமே தவிர எதையும் யோசிக்காது. கண்டுபிடித்த ஆட்டை வீட்டுக்கு ஓட்டி வருவது நம் வேலை. எதிரி முதலில் எந்தக் கட்டடம் எழுப்பினான், தங்கத்துக்கு ஆள் அனுப்பினானா என்று எட்டிப் பார்ப்பதும் நம் வேலை. தங்கத்தில் நான்கைந்து பேர் நின்றால் வில்லாளிகள் வரப்போகிறார்கள் என்று அர்த்தம். அது குதிரைக்குத் தெரியாது.

கல்லெறியும் எந்திரமான மேங்கனல் எதிரில் வில்லாளிகளைத் தானாக விடுவது

நைட்டுகளுக்கு அட்டாக் மூவ் (போகும் வழியில் எதிர்ப்படுவதை அடிக்கும் கட்டளை) கொடுத்துவிட்டு ஊருக்குத் திரும்பலாம். முட்டி மோதுவது அவர்களுக்கே தெரியும். வில்லாளிகள் அப்படியில்லை, கூட்டமாக ஒட்டிக்கொண்டு நிற்பார்கள். வில்லாளியின் அடுத்த நிலையான கிராஸ்போக்காரருக்கு 35 உயிர், மேங்கனல் கல்லின் தாக்குதல் 40. ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அல்ல, இருபது மாங்காய். கல் வருவதைப் பார்த்து அவர்களாக விலக மாட்டார்கள்.

உங்கள் கை நிஜமாகவே தேவைப்படும் இடம் இதுதான். கல் கிளம்பியதும் கூட்டத்தை இரண்டாகப் பிரித்து, பாதியை இடப்பக்கமும் பாதியை வலப்பக்கமும் நகர்த்துங்கள். அடுத்த கல்லுக்கு 6 விநாடி ஆகும். அந்த இடைவெளியில் முன்னேறி மேங்கனலை அடிக்கலாம், நடுவில் ஒரு எச், க்யூ போடவும் நேரம் இருக்கிறது.

ஸ்கவுட்டைக் காப்பாற்ற முக்கால் நிமிடம் செலவழித்த அதே பையன், இந்த இடத்தில் இருபது வில்லாளிகளை அட்டாக் மூவில் விட்டுவிட்டு ஊரில் பண்ணைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். இருபது வில்லாளிகள் என்றால் 500 மரம், 900 தங்கம். எதிரியின் மேங்கனல் 160 மரம், 135 தங்கம். அவன் திரும்பி வந்தபோது மூன்று பேர் நின்றிருந்தார்கள்.

படையை அக்ரஸிவில் விட்டுவிட்டு மறப்பது

தப்பி ஓடும் ஒரு குதிரையைத் துரத்தி எதிரியின் டவுன் சென்டர் வரை போய்ச் சாவார்கள். காவலுக்கு நிற்பவர்களை டிஃபென்ஸிவில் (தூரம் துரத்தாத நிலையில்) வையுங்கள்.

ஒரு குதிரை வந்ததற்கு ஊர் மணி அடிப்பது

மரவெட்டும் இடத்தில் இரண்டு ஸ்கவுட் தெரிந்தால் போதும், பையன் மணியை அடித்துவிடுவான். தங்கத்தில் இருப்பவர், பண்ணையில் இருப்பவர், எதிரியே பார்க்காத மூலையில் கல் உடைப்பவர் எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள். டவுன் சென்டருக்குள் 15 பேருக்குத்தான் இடம். மிச்சப்பேர் வெளியே கூட்டமாக நிற்பார்கள், குதிரைக்கு வேலை இன்னும் சுலபம். மரத்தடியில் இருக்கும் அந்த ஐந்து பேரை மட்டும் பிடித்து உள்ளே அனுப்பினால் போதும்.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் மணி கேட்டது.