இன்சுலின்: தசையில் வேண்டாம்

டெட்டனஸுக்கான டிடி ஊசி தோள்பட்டைத் தசையில் போடுவது. இன்சுலின் தோலுக்கடியில் உள்ள கொழுப்பில் இறங்க வேண்டும். தசைக்குள் போனால் மருந்து வேகமாக ஏறி, சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடலாம். இன்சுலின் பேனாவுக்கு 4 மி.மீ. ஊசி பெரியவர்கள் பெரும்பாலோருக்குப் போதும். நேராகக் குத்தி, பட்டனை முழுக்க அழுத்தி, 10 எண்ணிவிட்டு எடுங்கள். அவசரப்பட்டால் மருந்து வெளியே சொட்டும். கட்டிதட்டிய இடத்தில் வலிக்காது என்று அங்கேயே குத்துவார்கள். அங்கே மருந்து ஒழுங்காக ஏறாது, தினமும் இடம் மாற்றுங்கள். மும்பை தாதரில் லோக்கல் ரயிலைப் பிடிக்க ஓடும் நாளில் தொடை வேண்டாம், வயிறே நல்லது. ஓடுகிற காலில் மருந்து சீக்கிரம் ஏறும். பேனா இல்லை, குப்பி மருந்தா? மி.லி.க்கு 40 யூனிட் உள்ள மருந்துக்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச், 100-க்கு ஆரஞ்சு. சிவப்பு சிரிஞ்சில் 100 யூனிட் மருந்தை அதே கோடு வரை ஏற்றினால் இரண்டரை மடங்கு உள்ளே போய்விடும்.