மெட்டியைக் கழற்றிவிட்டு காலுறை மாட்டுங்கள்

ஜவுளிக்கடை பட்டுப் பிரிவில் 18 வருடம் நின்றே வேலை பார்த்தவள் நான். சாயங்காலமானால் கணுக்கால் வீங்கும். இடது கெண்டைக்காலில் நீலமாக முடிச்சு முடிச்சாகப் புடைத்தது. நரம்பு சுருட்டிக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்தே மூன்று வருடம் போனது. கணுக்காலின் உள்பக்கம் தோல் கறுத்து அரித்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன்.

அது நரம்பே இல்லை, ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் சிரை என்றார். நடக்கும்போது கெண்டைச்சதை இறுகி ரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஏறிய ரத்தம் இறங்காமல் தடுப்பவை சிரைக்குள் இருக்கும் சின்ன வால்வுகள். சைக்கிள் டியூப் வால்வு போல ஒருவழிதான். அவை கெட்டால் ரத்தம் கீழே தேங்கும். நிற்க வைத்து, ரத்தம் ஓடும் திசையைக் காட்டும் டாப்ளர் ஸ்கேன் எடுத்து உறுதி செய்தார்கள். இதற்குப் போடுவதுதான் காலை இறுக்கிப் பிடிக்கும் இறுக்கக் காலுறை. அது கெட்ட வால்வைச் சரியாக்காது, தேக்கத்தைக் குறைக்கும்.

நீங்களாகக் கடையில் வாங்காதீர்கள். முக்கியமாகச் சர்க்கரை உள்ளவர்களும் புகைபிடிப்பவர்களும் முதலில் மருத்துவரிடம் பாதத்தின் நாடியைப் பார்க்கச் சொல்லுங்கள். காலுக்கு ரத்தம் கொண்டுவரும் தமனியில் அடைப்பு இருந்தால், அந்தக் காலை இறுக்குவது ஆபத்து.

அளவு எடுப்பது காலையில், வீக்கம் ஏறும் முன். நான் வேலை முடிந்து வீங்கிய காலோடு அளவு கொடுத்தேன். மறுநாள் காலையில் போட்டால் தொளதொளவென்று இறங்கியது. காசு வீண்.

மாட்டுவதும் படுக்கையை விட்டு இறங்கும் முன்பே. மெட்டி, கொலுசு இரண்டையும் கழற்றிவிடுங்கள். என் முதல் ஜோடி மெட்டியில் மாட்டித்தான் கிழிந்தது. காலில் எண்ணெயோ ஈரமோ வேண்டாம். காலுறைக்குள் கையை விட்டுக் குதிகால் பகுதியைப் பிடித்து, அதுவரை உள்புறம் வெளியே வரும்படி திருப்புங்கள். பாதத்தை நுழைத்துக் குதிகாலைச் சரியாகப் பொருத்துங்கள். பிறகு மீதியைக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏற்றுங்கள். மேல் விளிம்பைப் பிடித்து ஒரே இழுவையாக இழுக்கக் கூடாது. விரல் திறந்த காலுறை என்றால் சேலை போட்டுத் தரும் பிளாஸ்டிக் கவரைப் பாதத்தில் மாட்டிக்கொள்ளுங்கள், வழுக்கிக்கொண்டு ஏறும். அப்புறம் கவரை விரல் பக்கமாக உருவிவிடலாம். ரப்பர் கையுறை போட்டுக்கொண்டால் சுருக்கத்தை நீவிவிடுவது சுலபம். மேல் விளிம்பை மட்டும் மடித்துவிடாதீர்கள், அது கயிறு கட்டியது போல் காலை இறுக்கும்.

இரவில் கழற்றி, கையால் அலசி நிழலில் காயப்போடுங்கள். ஆறு மாதத்தில் இழுவை போய்விடும், மாற்ற வேண்டும்.

2021-இல் கடை ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்தது. உங்கள் கடையில் இல்லையென்றால் கேளுங்கள், அது உரிமை. ஆனால் உட்கார்ந்தே இருந்தாலும் ரத்தம் தேங்கும். அடிக்கடி குதிகாலைத் தூக்கித் தூக்கி இறக்குங்கள், வீட்டில் நெஞ்சுக்கு மேலே இருக்கும்படி காலைத் தலையணையில் வையுங்கள்.

முடிச்சு வெடித்து ரத்தம் வந்தால் உடனே படுத்து, காலை உயர்த்தி, துணியால் அழுத்திப் பிடித்தபடி ஆளைக் கூப்பிடுங்கள். ஒரு கால் மட்டும் திடீரென வீங்கி வலித்தால் தேய்க்கவே தேய்க்காதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.